வெள்ளித்தாள் நனைந்த பிறகு

கூரைக்குக் கீழே விரிக்கும் வெள்ளித்தாள் வெப்பக் காப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "தண்ணி பட்டா கெட்டுப்போயிடுமா?" என்பதுதான். கெடாது. அலுமினியம் தண்ணீரைக் குடிக்காது. நடுவில் இருக்கும் பாலித்தீன் குமிழித்தாளோ நுரைத்தாளோ குடிக்காது. கண்ணாடிக் கம்பளி போல ஊறிக் கனத்துத் தொங்காது. "ஈரம் தாங்கும்" என்று விற்பவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் பொருள் பிழைத்திருப்பது வேறு, வேலை செய்வது வேறு. பளபளக்கும் முகத்தில் நீர்ப்படலம் படிந்திருக்கும் நேரமெல்லாம் அந்த முகம் வெப்பத்தைத் தடுப்பதில்லை. தாள் அங்கேயே கிடக்கும், காப்பு மட்டும் காணாமல் போயிருக்கும்.

கட்டடங்களுக்குள் வெப்பமும் ஈரமும் எந்த வழியாக நுழைகின்றன என்று அளந்து சொல்வது என் வேலை. இந்தத் தாளை எனக்கு மிகவும் பிடிக்கும். இவ்வளவு மெல்லிய, எடையற்ற ஒரு பொருள் இவ்வளவு வெப்பத்தைத் தடுப்பதை ஒவ்வொரு முறை அளக்கும்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது. அதனாலேயே அதைத் தப்பான இடத்தில், தப்பான முகமாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை.

எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வெயிலில் காய்ந்த தகரக் கூரை 65 டிகிரி செல்சியஸ், அதற்குக் கீழே உள்தளப் பலகை (சீலிங்) 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூடான பொருள் ஒவ்வொன்றும் தன் தனி வெப்பநிலையின் (கெல்வின் அளவில்) நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கதிர்வீசும் என்று 1879-ல் இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் கண்டார். பிறகு போல்ட்ஸ்மன் அதைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்துக் காட்டினார். அந்த விதிப்படி, பெயின்ட் அடித்த தகரமும் சாதாரணப் பலகையும் (இரண்டுக்கும் உமிழ்திறன், அதாவது வெப்பக் கதிரை வீசும் திறன், 0 முதல் 1 வரையான அளவில் சுமார் 0.9) ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 188 வாட் கதிர்வீச்சாகக் கீழே இறங்கும். இரண்டில் ஒரு முகத்தில் உமிழ்திறன் 0.05 உள்ள அலுமினியத் தாள் இருந்தால் அதே வெப்பநிலைகளில் இறங்குவது 11 வாட் சொச்சம்தான். நடைமுறையில் தகரம் இன்னும் கொஞ்சம் சூடாகும், பலகை கொஞ்சம் குளிரும், எண்கள் நகரும். ஆனாலும் அந்த வித்தியாசத்தின் அளவு மாறாது.

இடையில் இருக்கும் காற்றின் பங்கு என்ன? வெப்பம் மேலிருந்து கீழே இறங்கும்போது சூடான காற்று மேலேயே தங்கிவிடுகிறது, சுழல்வதில்லை. 100 மில்லிமீட்டர் அசையாத காற்று வழியாக, அதே 30 டிகிரி வித்தியாசத்தில், சுமார் 8 வாட்தான் கடக்கும். அதாவது வெயில் காயும் கூரையில் பெரிய எதிரி கதிர்வீச்சு ஒன்றுதான். அதை அடக்கினாலே போதும். குளிர்காலத்தில் உள்ளிருந்து மேலே ஏறும் வெப்பத்துக்கு இதே கணக்கு பொருந்தாது. அப்போது காற்று சுழன்று வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும், தாளின் பங்கு குறைந்துவிடும். குளிர் நாட்டு வீட்டுக்கும் வெயில் நாட்டு வீட்டுக்கும் ஒரே எண்ணைச் சொல்லி விற்கப்படும் தாளை நான் நம்புவதில்லை.

இந்தக் கணக்கு முழுக்க ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பளபளக்கும் முகம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். 20, 25 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். இரண்டு முகங்களில் ஒன்று தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, மற்றது வெறும் காற்றுவெளியைப் பார்த்தால் அந்த ஒரு முகம் வேலை செய்யும். இரண்டு பக்கமும் மூடிவிட்டால் முடிந்தது. கான்கிரீட் தளத்துக்கும் மேல்பூச்சுக் கலவைக்கும் நடுவே குமிழித்தாளைப் புதைத்துவிட்டு, "ஏன் இன்னும் சுடுகிறது?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே கதிர்வீச்சே கிடையாது, எல்லாம் கடத்தல். 8 மில்லிமீட்டர் குமிழியின் தடிமன் எவ்வளவு தடுக்குமோ அவ்வளவுதான் கிடைக்கும். அதை எந்த நுரைத்தாளும் தரும், அலுமினியமே வேண்டாம்.

அடுத்தது பளபளப்பு. கண்ணை நம்பக் கூடாத இடம் இது. நம் கண் பார்ப்பது ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அலைநீளத்தை. கூரை வீசும் வெப்பக் கதிரோ 9 மைக்ரானைச் சுற்றி உச்சம் கொள்கிறது. கண்ணுக்குக் கண்ணாடியாகத் தெரிவது அங்கே கரும்பரப்பாக இருக்கலாம். அலுமினியப் பூச்சு உள்பக்கமும் பாலியெஸ்டர் படலம் வெளிப்பக்கமுமாக இருக்கும் மலிவான தாள்களில் நடப்பது இதுதான். முகம் பார்க்கலாம் போல மின்னும். ஆனால் வெளியே இருக்கும் பிளாஸ்டிக் அந்த அலைநீளங்களை விழுங்கிவிடும், உமிழ்திறன் பல மடங்கு ஏறிவிடும். காப்புக்கான தாளின் உமிழ்திறன் 0.10-க்கு மிகக் கூடாது என்று அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தரக்குறிப்புகள் வரம்பு வைத்திருக்கின்றன. வாங்கும்போது கேட்க வேண்டிய எண் அதுதான். எந்த முகத்துக்கு அந்த எண் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான் முதலில் செய்வது உள்ளங்கைச் சோதனை. தாளைத் தொடாமல், ஒரு விரல் அகல இடைவெளியில் உள்ளங்கையை நீட்டிப் பிடியுங்கள். நல்ல முகமாக இருந்தால் சில நொடிகளில் கையில் கதகதப்பு தெரியும். அது உங்கள் கையின் சூடு, திரும்பி வருகிறது. பிளாஸ்டிக் முகத்தில் அது தெரியாது. அப்புறம் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் மெதுவாக வைத்துப் பார்ப்பேன். மின்சாரம் ஓடினால் வெறும் உலோகம் வெளியே இருக்கிறது. ஓடாவிட்டால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது, அது எவ்வளவு தடிமன் என்று விசாரிக்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியை நேராகத் தாளின்மேல் காட்டி எடுக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. தாளில் பிரதிபலிக்கும் எதிர்ச்சுவரின் வெப்பநிலையைத்தான் அது சொல்லும். "பாருங்க, தாள் எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு" என்று அந்தக் கருவியை வைத்துக் காட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். தாளில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அது சூடு பிடித்த பிறகு டேப்பின்மேல் அளங்கள்.

இனி தண்ணீர். வெப்பக் கதிரின் அலைநீளத்தில் தண்ணீருக்கு உமிழ்திறன் சுமார் 0.95. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள நீர்ப்படலம் போதும், கீழே இருக்கும் அலுமினியம் அந்தக் கதிருக்குத் தெரியவே தெரியாது. முன்பு போட்ட கணக்கில் 11 வாட்டாக இருந்தது மறுபடி 188-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். தெர்மாஸ் குடுவையில் வெள்ளிப் பூச்சு பல வருடம் உழைப்பதற்குக் காரணம் இதற்கு நேர் எதிரானது. 1892-ல் ஜேம்ஸ் டியூவர் செய்த குடுவையிலிருந்து இன்றுவரை அந்தப் பூச்சு பார்ப்பது வெற்றிடத்தை. அங்கே பனி இல்லை, தூசி இல்லை, உப்பு இல்லை. விண்கலங்களைச் சுற்றியிருக்கும் பல அடுக்குப் போர்வைக்கும் அதே வசதி. "விண்வெளித் தொழில்நுட்பம்" என்ற விளம்பரத்தில் விட்டுப்போவது இதுதான். நம் கூரைக்கடியில் இருப்பது காற்று, அந்தக் காற்றில் நீராவி.

மழை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், சரிசெய்துவிடலாம். எனக்குக் கவலை பனி. 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கிவிடும். அந்த வெப்பநிலைதான் அதன் பனிநிலை. மேகமற்ற இரவில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே இறங்குவது அதற்குச் சாதாரணம். 3 டிகிரி இறங்கினால் போதும், தகரத்தின் அடிப்பக்கம் வியர்க்கும், சொட்டும். சொட்டுவது எங்கே? தாளின் மேல்முகத்தில்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தாள் போட்டதால் வீட்டின் வெப்பம் தகரத்துக்குப் போவது குறைகிறது, அதனால் தகரம் முன்பைவிட அதிகமாகக் குளிர்கிறது, முன்பைவிட அதிகமாக வியர்க்கிறது. "தாள் போட்ட பிறகுதான் சொட்டுது" என்று சொல்பவர்கள் சொல்வது பல சமயம் சரியாகவே இருக்கிறது. தாள் ஒழுகவில்லை, தகரம் குளிர்ந்திருக்கிறது. ஆகவே தாளை நான் வெப்பக் காப்பாக மட்டும் பார்ப்பதில்லை, இரண்டாவது கூரையாகவும் பார்க்கிறேன். மேலே விழும் நீர் வழிந்து வெளியேற ஒரு பாதை வேண்டும். கீழ்வரிசையை முதலில் விரித்து, அதன்மேல் மேல்வரிசை 100, 150 மில்லிமீட்டர் ஏறிப் படியவேண்டும், ஓடு வேய்வது மாதிரி. கட்டைகளுக்கு நடுவே லேசாகத் தொய்ய விட்டால் நீர் அந்தத் தொய்வில் ஓடிக் கூரை விளிம்புக்கு வெளியே விழும். விளிம்பில் தாளை உள்பக்கமாக மடித்து முடித்துவிட்டால் அந்த நீர் அத்தனையும் சுவரின் தலைமேல் இறங்கும். சுவரோரத்தில் மட்டும் பூஞ்சை பிடித்த உள்தளத்தைப் பார்த்தால் நான் முதலில் கூரை விளிம்பில் போய்ப் பார்ப்பது இதற்காகத்தான்.

மேல்முகம் நனைந்தாலும் கீழ்முகம் உலர்ந்திருந்தால் பகல் வெயிலுக்குக் காப்பு கிடைக்கும். ஒரு முகம் போதும் என்று முன்பே சொன்னேனே, அந்தக் கீழ்முகத்தைக் காப்பாற்றுவதுதான் முழு வேலையும். ஆனால் நனைந்த மேல்முகம் குளிர்ந்த தகரத்துக்கு வெப்பத்தை அள்ளிக் கொடுக்கும், தாள் முழுதும் குளிரும், கீழ்முகமும் பனிநிலைக்கு இறங்கிவிடலாம். அதோடு, அறையிலிருக்கும் ஒரு சாதாரண மேற்பரப்புக்கு வந்து சேரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் கதிர்வீச்சாகத்தான் வருகிறது. பளபளக்கும் முகம் அதைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அது பெயின்ட் அடித்த பலகையைவிடச் சீக்கிரம் குளிர்ந்து, சீக்கிரம் வியர்க்கும். பகலில் அதற்கு இருக்கும் பலமே இரவில் அதன் பலவீனம்.

அதனால்தான் வெறும் ஒற்றைத் தாளைவிட நடுவில் மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலித்தீன் நுரை இருக்கும் தாளை நான் விரும்புகிறேன். 5, 10 மில்லிமீட்டர் நுரை பகல் வெயிலுக்குப் பெரிதாக ஒன்றும் சேர்க்காது. ஆனால் மேல்முகம் குளிர்ந்தாலும் கீழ்முகத்தைச் சில டிகிரி சூடாக வைத்திருக்கும். பனிநிலைக்கு மேலே நிற்க அந்தச் சில டிகிரிதான் வேண்டியிருக்கிறது. பழைய வகைத் தாள்களில் நடுவே கிராஃப்ட் காகிதம் இருக்கும். உலர்ந்த இடத்தில் அதுவும் உழைக்கும். ஈரமான இடத்தில் அந்தக் காகிதம்தான் முதலில் பூஞ்சைக்கு இரை, பிறகு அலுமினியம் உரிந்து தொங்கும்.

துளையில்லாத அலுமினியத் தாள் நீராவியைக் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடும். இது வரமாகவும் சாபமாகவும் ஆகலாம். தாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீராவி வெதுவெதுப்பான ஈரமான பக்கத்திலிருந்து குளிர்ந்த உலர்ந்த பக்கத்துக்கு நகரும். தடுப்பு வெதுவெதுப்பான பக்கத்தில் நிற்கவேண்டும். வெளியே 32 டிகிரி, 70 சதவீத ஈரம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. உள்ளே ஏசி போட்டு 24 டிகிரி வைத்திருக்கும் அறையின் உள்தளத்தோடு தாளை ஒட்டிப் போட்டால் தாளின் வெளிமுகத்தில் நாள் முழுக்க நீர் கோத்து நிற்கும், அதற்கு மேலே இருக்கும் கம்பளி ஊறும். அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால், ஊறிய கம்பளி காப்பாக நடந்துகொள்ளாது. அங்கே தாள் கம்பளிக்கு வெளிப்பக்கம் போகவேண்டும். வெளியே உறைபனியும் உள்ளே ஹீட்டரும் இருக்கும் வீட்டில் எல்லாம் தலைகீழ், தாள் அறைப்பக்கம் வரவேண்டும். ஏற்கெனவே இருக்கும் கம்பளியின்மேல் விரிப்பதானால் நுண்துளைத் தாள்தான் சரி, கம்பளிக்குள் இருக்கும் ஈரம் மூச்சுவிட்டு வெளியேற அது இடம் தரும். எந்தப் பக்கமானாலும் இணைப்புகளை அலுமினிய டேப்பால் ஒட்டாமல் விட்டால் தாளின் தடுப்பாற்றலுக்கு அர்த்தமில்லை. தாள் வழியாக ஊடுருவுவதைவிடப் பல மடங்கு நீராவி ஒரு சின்னக் கிழிசல் வழியாகக் காற்றோடு போய்விடும். தூசி படிந்த தாளில் டேப் நிற்காது, துடைத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

நனைந்து நனைந்து காய்வதால் தாளுக்கு ஒன்றுமே ஆகாதா என்றால், மெதுவாக ஆகும். அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு தோல். பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை) 4 முதல் 8.5 வரை அந்தத் தோல் நிற்கும். புதிய சிமெண்டுக் கலவையின் பிஎச் 12-ஐத் தாண்டும். ஈரக் கலவையோடு ஒட்டிக் கிடந்த தாள் சாம்பல் நிறமாகி, பிறகு சல்லடையாகி, கடைசியில் வெறும் பிளாஸ்டிக் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு சுவரைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். போட்டவர் நல்ல தாளைத்தான் போட்டிருந்தார். கடற்காற்றின் உப்பு புள்ளி புள்ளியாக அரிக்கும். செப்பு உப்புகளில் ஊறவைத்துப் பதப்படுத்திய மரமும் ஈரமும் சேர்ந்தால் அதேபோல் அரிக்கும். இங்கேதான் தாளின் தடிமன் பேசுகிறது. உண்மையான அலுமினியத் தாள் 6 முதல் 9 மைக்ரான் இருக்கும். வெற்றிடத்தில் பூசிய படலத்தில் அலுமினியம் ஒரு மைக்ரானில் நூறில் சில பங்குதான். ஈரத்தில் அது ஆக்சைடாகிக் கண்ணெதிரே ஒளி ஊடுருவும் படலமாகிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், விளக்கு மங்கலாகவாவது தெரிந்தால் அது பூசிய படலம். ஈரமான இடத்துக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். பாதுகாப்புக்கு மிக மெல்லிய லாக்கர் (வார்னிஷ் போன்ற) பூச்சுள்ள தாள்கள் கிடைக்கின்றன, உமிழ்திறன் கொஞ்சம் ஏறினாலும் உப்புக் காற்றுக்கு அவை நல்லவை. அரிப்பால் உமிழ்திறன் 0.05-லிருந்து 0.3-க்கு ஏறினால் நம் கணக்கின் 11 வாட் 67 வாட் ஆகிறது. கெட்டது என்று தூக்கி எறியத் தோன்றாது, ஆனால் பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

தூசியும் இதையேதான் செய்யும், அதுவும் மேல்நோக்கிய முகத்துக்கு மட்டும். கீழ்நோக்கி வைத்தால் அந்தக் கவலை இல்லை.

தடிமனான கம்பளிக்கு ஈடு என்று மெல்லிய தாளை விற்பது ஐரோப்பாவில் நெடுநாள் சர்ச்சையாக இருந்து, 2012-ல் ஈஎன் 16012 என்ற அளவீட்டுத் தரநிலை வந்தது. தாளின் மதிப்பை அதையொட்டிய காற்று இடைவெளியோடு எப்படிச் சேர்த்துச் சொல்வது என்பதை அது வகுத்தது. உங்களுக்குச் சொல்லப்படும் காப்பு எண்ணும் இடைவெளியோடு சேர்ந்ததா, எந்தத் திசை வெப்பத்துக்கு, உலர்ந்த நிலையிலா என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளரிடம் பதில் இருக்கும்.

பொருத்தும்போது உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. இந்தத் தாள் மின்சாரம் கடத்தும். 2009-ல் ஆஸ்திரேலிய அரசு வீட்டுக் கூரைகளுக்கு இன்சுலேஷன் போட உதவிய திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெள்ளித்தாளை உலோக ஸ்டேப்ளர் பின்களைக் கொண்டு அடித்தபோது மின்சாரம் பாய்ந்து நேர்ந்த சாவும் அதில் உண்டு. 2010 பிப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது. கூரைக்குள் ஏறும் முன் மெயினை அணைத்துவிட்டு, வயர் ஓடும் பாதையைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பின்களை மட்டும் கொண்டு அடிக்கச் சொல்லுங்கள். ஈரமான தாள் என்றால் இன்னும் ஒரு மடங்கு கவனம். பாலித்தீன் நடுவுள்ள தாளை அறைக்குள் திறந்த மேற்பரப்பாக விட்டுவைக்காதீர்கள், அது எரியும். உள்தளப் பலகைக்குப் பின்னால்தான் அதன் இடம்.

போட்டு முடித்த பிறகு முதல் மழைக்காலம் கழிந்ததும் ஒருமுறை உள்ளே ஏறிப் பாருங்கள். விடிகாலையில் போனால் நல்லது, பனி இருந்தால் அப்போதுதான் தெரியும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் கீழ்முகத்தில் நீர்த்துளியோ, காய்ந்த துளியின் வெள்ளை வளையமோ தெரியும். வளையங்கள் ஓர் இணைப்பைச் சுற்றி மட்டும் இருந்தால் டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினால் போதும். தாள் முழுக்கப் பரவியிருந்தால் அறையின் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று தேடுங்கள், குளியலறை மின்விசிறியின் குழாய் கூரைக்குள்ளேயே முடிகிறதா என்பதிலிருந்து தொடங்கலாம்.